இரண்டு கால் கோயில்

கட்டடக் கலையைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் சரித்திரம் படித்தேன். அதில் விமானம், தூண், போதிகை என்று ஒரு பத்துப் பக்கம் வந்தது. பரீட்சைக்கு வராது என்று சொல்லி வாத்தியார் அந்தப் பத்துப் பக்கத்தையும் தாண்டிப் போய்விட்டார். பிறகு நான் கதை எழுத வந்துவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு கட்டடத்தில் கண்ணில் படுவதெல்லாம், யார் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார், யார் வாசலோடு நின்றுவிடுகிறார் என்ற சமாசாரம்தான். இந்த அற்ப ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதா கோயிலைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கோயிலின் சரித்திரமே வாசல்களைப் பற்றிய சரித்திரம்.

கோயில் இருக்கும் ஊர் வடக்கன்குளம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில் வள்ளியூர், பணகுடி எல்லாம் தாண்டினால் காவல்கிணறு வரும். அந்தப் பக்கத்தில் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கே மகேந்திரகிரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று, ஆடி மாதத்தில் வேட்டியைக் கட்டிக்கொண்டு நடக்கிறவனின் மானத்தைச் சோதிக்கும். இப்போது அந்தக் காற்றைப் பிடித்து மின்சாரம் ஆக்குகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளைக் காற்றாலைகள் கை வீசிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே பழைய காலத்துப் பனைகள், தங்கள் பங்குக்கு ஓலையைச் சலசலத்துக்கொண்டு.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அங்கே இறங்கினேன். உச்சி வெயில் தாழ்ந்திருந்த நேரம். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். நீளமான மண்டபம், கோடியில் பீடம், மெழுகு வாசனை. எந்த ஊர்க் கோயிலிலும் உள்ளதுதான். பீடத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. நான் நடந்து வந்த மண்டபத்தைப் போலவே இன்னொரு மண்டபம், பீடத்திலிருந்து வேறொரு திசையில் விலகிப் போய்க்கொண்டிருந்தது. வகிடு எடுத்த தலைமயிர் மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது கோயில். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வட்டம் போடும் கவராயத்தை விரித்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. குமிழ் இருக்கும் இடத்தில் பீடம். இரண்டு கால்களும் இரண்டு மண்டபங்கள். வெள்ளைக்காரர்கள் இதைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டு ஒரு பேர் வைத்தார்கள். வேடிக்கையான பேர்தான். ஆனால் இந்தக் கால்சட்டையை யாருக்கு அளவெடுத்துத் தைத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு வருவதில்லை.

திருக்குடும்பத்தின் பேரால் அமைந்த இந்தக் கோயில் 1872-ல் மந்திரிக்கப்பட்டது. ஒரு கால் வெள்ளாளரும் அவர்களைச் சேர்ந்தோரும் நிற்பதற்கு. மற்றொரு கால் நாடார்களுக்கு. நடுவே சுவர். இந்தக் காலில் முழந்தாளிட்டிருப்பவனுக்கு அந்தக் காலில் முழந்தாளிட்டிருப்பவன் தெரிய மாட்டான். பீடம் மட்டும் இருவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பூசை வைப்பார். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் அறுபதுகள் வரை அதுதான் வழக்கம். ஆகவே ஒரே முதுகை இரண்டு ஜனங்கள் இரண்டு கோணத்திலிருந்து பார்த்துக்கொண்டு, ஒரே லத்தீன் ஜெபத்துக்குச் சேர்ந்து 'ஆமென்' சொல்லியிருப்பார்கள். சத்தத்துக்குச் சுவர் கட்டுவது எந்தக் கொத்தனாராலும் ஆகாத காரியம் அல்லவா?

கத்தோலிக்கக் கோயில்களின் சாதாரணமான அமைப்பு சிலுவையைப் போன்றது. நீளமான நடு மண்டபம், இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போலக் குறுக்கு மண்டபம், தலைமாட்டில் பீடம். தரையில் வரைந்த படத்தைப் பார்த்தாலே ஒரு மனிதர் கைகளை விரித்துப் படுத்திருப்பது போல் தோன்றும். அந்த மனிதர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த உருவத்தையே மாற்றி, இடுப்புக்குக் கீழே இரண்டாகப் பிளந்து கட்டுவதென்றால் அதற்கு ஒரு பலமான நிர்ப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

உலகத்தில் இப்படி வேறு கோயிலே இல்லையா என்று கேட்கலாம். ஜெர்மனியில் ஃபிராய்டன்ஷ்டாட் என்ற ஊரில் பிராட்டஸ்டண்டுக்காரர்களின் கோயில் ஒன்று இருக்கிறது. வூர்ட்டம்பர்க் பிரபுவுக்காக ஷிக்ஹார்ட் என்ற சிற்பி 1608-ல் கட்டி முடித்தது. இரண்டு மண்டபங்கள் மூலைமட்டம் போலச் செங்கோணத்தில் சேருகின்றன. ஒன்றில் ஆண்கள், ஒன்றில் பெண்கள். பிரசங்கம் செய்கிறவருக்கு இருவரையும் தெரியும், அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. வாலிபர்களின் கண் அலைபாயக்கூடாது என்ற கவலை அந்தப் பிரபுவுக்கு. நம் ஊரில் எடுத்துக்கொண்ட கவலை வேறு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஃபிராய்டன்ஷ்டாட்டில் பிரிந்து உட்கார்ந்த புருஷனும் பெண்சாதியும் கோயில் முடிந்ததும் ஒரே வீட்டுக்குத்தான் போனார்கள்.

வடக்கன்குளத்தில் வேதம் வந்த கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் இந்த இரண்டு காலின் விசித்திரம் முழுவதும் தெரியும். 1680-ல் இங்கே ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு நாடார் ஸ்திரீ. திருநெல்வேலிச் சீமையில் நாடார்களில் முதன்முதலாகக் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1685-ல் ஊரில் ஒரு கோயிலும் எழும்பிவிட்டது. பின்னால் மறவர் சீமையில் ஓரியூரில் 1693-ல் சிரச்சேதம் செய்யப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் காலம் அது. ஆக, முதலில் வந்து முழந்தாளிட்டவர் யார் என்ற கேள்விக்கு ஊரின் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. யார் முன்னால் நிற்பது என்ற சண்டை பிற்பாடு வந்தது.

அந்தச் சண்டைக்கு விதை மதுரையில் விழுந்தது. 1606-ல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்டு வாழ்ந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். சாதி என்பது ஊர் வழக்கம், அதற்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை, ஆகையால் வேதத்தில் சேருகிறவன் சாதியை விட வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். 1623-ல் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் ஏறக்குறைய அதை ஒப்புக்கொண்டார். சில வருஷங்களுக்கெல்லாம் மேல்சாதிக்காரர்களுக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமி என்று வேறு வகைச் சாமியார் என ஏற்பாடு வந்துவிட்டது. நொபிலி மகா மேதை; தமிழ் வசனத்துக்கு அவர் செய்த உபகாரம் பெரிது. ஆனால் அவர் திறந்து வைத்த வழியாக என்னென்ன உள்ளே நுழைந்தன என்று பார்த்தால் அவரை முழு மனசோடு கும்பிட எனக்குக் கை வருவதில்லை.

1745-ஆம் வருஷத்தை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் ஒருவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. கொடுத்தவர் புத்தாரி என்ற சேசு சபைச் சாமியார். பெற்றவர் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் உத்தியோகஸ்தர், நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. குளச்சல் யுத்தத்தில் பிடிபட்டு மகாராஜாவின் படைக்கே தலைவரான டி லனாய் என்பவரோடு பழகி வேதத்தை அறிந்துகொண்டவர். தேவசகாயம் என்பது புதுப் பேர். இவர் தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர் அப்படிச் செய்ததை அரண்மனையைச் சேர்ந்தவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிடித்து, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய், கடைசியில் 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அதே 1745-ல், அக்டோபர் மாதம், புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கம் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார். சம்பாக் கோயிலில் பறையர் கிறிஸ்தவர்களை மறைத்து ஒரு சுவர் நின்றது. அவர்கள் பெரிய பாதிரியாரிடம் போய், எல்லோரும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்த மறைப்பு என்று கேட்டார்கள். நியாயம் என்று அவருக்குப் பட்டது, சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளையவர்கள் வைஷ்ணவர், துபாஷி வேலை பார்த்தவர், இந்த வம்பில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆகையால் ரஸமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோயிலே 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் பட்டணத்தைத் தரைமட்டமாக்கியபோது போய்விட்டது. சுவர் என்ற யோசனை மட்டும் போகவில்லை.

1773-ல் ரோமாபுரியிலேயே சேசு சபையைக் கலைத்துவிட்டார்கள். மதுரை மிஷனுக்கு அவர்கள் திரும்பி வந்தது 1837-க்குப் பிறகு. வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் கண்ட திருநெல்வேலி பழைய திருநெல்வேலி அல்ல. பக்கத்திலேயே இடையன்குடியில் 1841-லிருந்து கால்டுவெல் பாதிரியார் குடியேறிவிட்டார். 1847-ல் அஸ்திவாரம் போட்டு 1880-ல் முடித்த அவருடைய கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம். நாடார்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பிராட்டஸ்டண்டுச் சபையில் 1833-லேயே பிஷப் வில்சன் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரியவர்களே அதை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வடக்கன்குளத்துச் சாமியார்களுக்கு இருந்த சங்கடம் இது: வெள்ளாளர் பேச்சைக் கேட்டால் நாடார்கள் நாலு மைல் நடந்து வேறு கோயிலுக்குப் போய்விடக்கூடும். நாடார்களைச் சமமாக நிறுத்தினால் வெள்ளாளர் வீட்டோடு இருந்துவிடுவார்கள்.

நாடார்களும் பழைய நாடார்களாக இல்லை. அந்நாளைய சர்க்கார் காகிதங்களில் அவர்களைச் சாணார் என்றே குறித்தார்கள். நாடார் என்று எழுத 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பனையேறிச் சம்பாதித்த காசு கருப்பட்டி வியாபாரமாகி, வியாபாரம் கடையாகி, கடை பேட்டையாகிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் அவர்களுடைய பெண்கள் மேல் உடம்பை மூடிக்கொள்வதற்காகப் பட்ட பாடு தெரிந்ததே. 1859-ல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அந்தப் பாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் கோயிலில் பின்னால் போய் நில் என்றால் நிற்பார்களா?

இந்தச் சிக்கலுக்குத்தான் இரண்டு கால் கோயில் என்ற விடை கிடைத்தது. அதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அருவருப்புத்தான் உண்டாயிற்று. பிறகு யோசிக்க யோசிக்க, இதைக் கண்டுபிடித்த மூளையை நினைத்து ஒருவிதத் திகில். இரண்டு கோயில் கட்டிக் கொடுத்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அப்படிச் செய்தால் இரண்டு பங்கு ஆகிவிடும், இனி என்றைக்கும் சேராது என்று அந்தச் சாமியார்களுக்குத் தெரிந்திருக்கிறது. பீடத்தை இரண்டாக்குவதற்கு மட்டும் அவர்கள் ஒப்பவில்லை. மற்றதையெல்லாம் விட்டுக் கொடுத்தார்கள். முன், பின் என்று இருந்தால்தானே சண்டை? முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் பக்கம் என்று ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். இவ்வளவு புத்தியையும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் செலவழித்து ஒரு தப்பைச் செய்திருக்கிறார்கள். பின்னொரு காலத்தில் யாராவது வந்து திருத்துவதற்குத் தோதாகவும் செய்திருக்கிறார்கள். இது வேண்டுமென்றே செய்ததுதானா, இல்லை தற்செயலா என்று கேட்டால், நான் கதை எழுதுகிறவன்; வேண்டுமென்றே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த இரண்டு சாராருக்கும் கீழே என்று வைக்கப்பட்டவர்களுக்காக மூன்றாவது கால் ஒன்றை யாரும் கட்டவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் சுவர் நின்றது. 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியாரின் காலத்தில் அது இடிக்கப்பட்டது. அவருக்குப் பின்னால் திருச்சினாப்பள்ளி மேற்றிராணியார் பார்த் நின்றார். அதே 1910-ல்தான் தஞ்சாவூர் ஜில்லாவில் பொறையாறில் நாடார் மகாஜன சங்கம் கூடிற்று. ஒன்றுக்கொன்று நேரான சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் காற்று ஒரே திசையில் அடித்துக்கொண்டிருந்தது என்பது தெரிகிறது.

வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மைக்கேல் பிள்ளை என்பவரும் மற்றவர்களும் வாதிகள், மேற்றிராணியார் பிரதிவாதி. சென்னை ஹைக்கோர்ட்டு வரை வந்தது வழக்கு. எங்கள் முன்னோர் காலத்திலிருந்து எங்களுக்குத் தனி இடம் இருந்திருக்கிறது, சுவரைத் திரும்ப எழுப்பித் தரவேண்டும் என்பது கோரிக்கை. 1916-ல் தீர்ப்பாயிற்று. கிறிஸ்தவக் கோயிலுக்குள் தீட்டு என்று சொல்லிக் கேட்கும் தனியிடம், கோர்ட்டு காப்பாற்றிக் கொடுக்கவேண்டிய உரிமை ஆகாது என்பது அதன் சாரம். வாதிகள் தோற்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் அருமை, இதற்குச் சில வருஷம் முந்திய இன்னொரு வழக்கை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். ராமநாதபுரம் ஜமீனில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள் என்று ராஜா வழக்குத் தொடர்ந்தார். ஜில்லா கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு எல்லாம் கடந்து லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் முடிவு வந்தது. நாடார்களுக்கு ஆலயத்துக்குள் போக உரிமை இல்லை. இடையில் 1899-ல் சிவகாசி பற்றி எரிந்ததைச் சொல்லவே வேண்டாம். வழக்கத்தை மாற்றக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி ஒரு கோயிலின் கதவு மூடிற்று. வழக்கத்தைக் காப்பாற்றக் கோர்ட்டு வராது என்று சொல்லி இன்னொரு கோயிலின் சுவர் இடிந்தபடியே கிடந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துப் போக 1939 ஜூலை ஆயிற்று.

இதையெல்லாம் நான் ஏன் இத்தனை அக்கறையாகத் துருவுகிறேன் என்று கேட்கலாம். நான் கத்தோலிக்கன் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்தவன். அந்தக் கோயிலுக்குள் நின்றபோது, 1872-ல் நான் இருந்திருந்தால் எந்தக் காலில் நுழைந்திருப்பேன் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. அதுதான் உறுத்திற்று.

எங்கள் ஆச்சி வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுவரும் கிழவர் ஒருவர் உண்டு. ஓலைக் கொட்டானை இறக்கிவிட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்பார். ஆச்சி நல்ல மனுஷி; வெயிலில் வந்தவரை ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். எரவாணத்தில் ஓர் அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். அவரே அதை எடுத்துக் கழுவி நீட்டுவார். ஆச்சி மேலேயிருந்து காப்பியை ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி அதே இடத்தில் செருகிவிட்டுப் போவார். ஆறு வயசில் ஒரு நாள் தாகத்தோடு விளையாடிவிட்டு வந்தவன், கைக்கெட்டியது அது என்று அந்தத் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டேன். ஆச்சி அடிக்கவில்லை. பேசாமல் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய் நாலு வாளி தண்ணீரைத் தலையில் கொட்டினாள். கிழவர் பார்த்துக்கொண்டு நின்றார். 'பிள்ளை பயந்துரும்மா, மெள்ள ஊத்துங்க' என்று சொன்னார். அவருக்கு என் தாத்தாவைவிட வயசு அதிகம். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆச்சி போய்ப் பல வருஷம் ஆகிறது. வீட்டை இடித்து மாடி கட்டியாயிற்று. எரவாணமே இல்லாத வீட்டில் தம்ளரை எங்கே செருகுவது? ஆனால் வாசலில் யாராவது வந்து நின்றால், உள்ளே வாருங்கள் என்று சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவே என் நாக்கு அரை நொடி தயங்குவதை நானே கவனித்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் 1910-ல் சுவரை இடித்தார்கள், மண்டபங்களை இடிக்கவில்லை. இடித்தால் கோயிலே போய்விடும். ஆகவே கோயில் இன்னும் இரண்டு காலோடுதான் நிற்கிறது.

இடித்த இடம் ஒன்று என்றால் இடிக்காத இடங்கள் எத்தனையோ. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்தில் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். தலித்துகள் கேட்டது தங்களுக்குத் தனிப் பங்கு. வடக்கன்குளத்துச் சாமியார்கள் எதற்குப் பயந்து இரண்டு கால் கட்டினார்களோ, அதையே ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களாகக் கேட்கும்படி ஆகிவிட்டது. சேர்ந்திருந்து அவமானப்படுவதைவிடப் பிரிந்துபோய் மானத்தோடு கும்பிடலாம் என்று ஒருவன் நினைத்தால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயத்தை 2012-ல் முத்திப்பேறு பெற்றவர் என்றும், 2022 மே 15-ந் தேதி ரோமாபுரியில் புனிதர் என்றும் அறிவித்தார்கள். புனிதர் பட்டத்துக்கு ஏற்பாடு நடந்தபோது பேரிலிருந்து 'பிள்ளை' என்பதை எடுத்துவிட்டார்கள். சாதியைப் பாராமல் பழகினவரின் பேரோடு சாதி ஒட்டிக்கொண்டிருப்பது பொருத்தமில்லை என்று இங்கேயிருந்தே கேட்டு எழுதினவர்கள் உண்டு. அவர் இறந்து 270 வருஷம் கழித்து அந்தச் சுமையை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தபோது கோயில்பிள்ளை வந்தார். எழுபது வயசுக்குக் குறையாது. மாலைப் பூசைக்குப் பீடத்தில் துணி மாற்ற வந்தவர். என்னைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார். சொன்னேன். சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"நான் எங்க பார்த்தேன்? எங்க தாத்தா சின்னப் பிள்ளையில பார்த்ததாச் சொல்லுவாரு. இடிச்ச அன்னைக்கு ஊரே தூங்கலையாம்."

"இப்போ பூசைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் அண்ணாச்சி?"

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "காத்தாடி எங்க நல்லாச் சுத்துதோ அங்கதான். கூட்டம் பூராவும் அந்தப் பக்கமே போயி அடைஞ்சுரும். அங்க ரெண்டு காத்தாடி புதுசு."

பேசிக்கொண்டே என்னை வழியனுப்ப வந்தார். வெயில் சாய்ந்து, ஜன்னல் வழியாகத் தரையில் நீள நீளமாக வெளிச்சம் விழுந்திருந்தது. பேச்சு சுவாரசியத்தில் எந்த மண்டபத்தில் நடக்கிறோம் என்று நான் கவனிக்கவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என் செருப்பு மற்றக் கால் வாசலில் கிடக்கிறது. படியிறங்கி, சுடுமணலில் காலை வைத்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு போகப் புறப்பட்டேன்.

"என்ன தம்பி, வெளியோடி சுத்திப் போறிய?" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் கோயில்பிள்ளை. "உள்ளோடியே வாங்க. வழி இருக்குல்லா?"